அம்மாவின் தகரப்பெட்டி

(தாயாரின் 31ஆம் நாள் நினைவுக் கூட்டத்தில் பிள்ளைகள் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் நாலு பேரையும் அம்மா கைக்காசுக் கொழுந்தெடுத்தே படிக்க வைத்தார். அது உங்களுக்குத் தெரியும். நாங்கள் சொல்ல வந்தது அந்தத் தகரப்பெட்டியைப் பற்றி.

லயத்துக் கூரை ஒழுகும். அதனால் பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு எல்லாம் அம்மாவின் பெட்டிக்குத்தான் வரும். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்து, அடையாள அட்டைக்கு எல்லோரும் அலைந்த நாட்களில், கொழுந்து நிறுத்துவிட்டு வந்து ஈரப் படங்கோடு வாசலில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டிப் படித்து ஒவ்வொருவர் கடதாசியாக எடுத்துக் கொடுப்பார்.

ஆனால் அவருக்கே செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். சேமலாப நிதிக்கு எத்தனையோ தடவை அலைந்தார். காசைக் காணாமலே போய்விட்டார். டவுனில் வேலை செய்யும் நாங்களும் அதைப் பார்க்கவில்லை. கோபம் எங்கள் மேலும்தான்.

பெட்டியில் இன்னும் பதினொரு குடும்பத்துக் கடதாசிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். செக்ரோல் பெயரோடு ஒத்துப் பாருங்கள். பிழை இருந்தால், வேலையில் இருக்கும்போதே தலைவரிடம் சொல்லுங்கள்.