கண்ணாடி நீங்கலாக

வீட்டில் மெழுகுவத்தி செய்து விற்பவர்களில் சிலர், 200 மில்லி கண்ணாடிக் குவளை என்றால் லேபிளிலும் 200 கிராம் என்றே எழுதிவிடுகிறார்கள். மெழுகு தண்ணீரைவிட லேசானது. மில்லிக்குச் சுமார் 0.9 கிராம்தான். விளிம்புவரை ஊற்றினாலும் ஏறத்தாழ 180 கிராமில் நின்றுவிடும். வாசனைக்காக வாங்குகிறவர் எடையையா பார்க்கப்போகிறார் என்பார்கள். எத்தனை மணி நேரம் எரியும் என்பதே மெழுகின் அளவைப் பொறுத்ததுதானே! இந்தியாவின் 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளும் உறை, கலன் நீங்கலான நிகர அளவைத்தான் கேட்கின்றன. கலந்த வாசனை எண்ணெய் நிகர எடையில் சேர்த்தி. அந்த மட்டில் செய்பவருக்கு லாபமே. ஒவ்வொன்றாக நிறுப்பது பெரும்பாடு என்பதும் சாக்குத்தான். திரி ஒட்டிய வெற்றுக் குவளையை எலக்ட்ரானிக் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, அங்கேயே மெழுகை ஊற்றினால் வேலை முடிந்தது.