சூடறியாத விரல்கள்

நம் விருத்தாசலத்துப் பீங்கான் கூடங்களில் சூளை பிரிப்பதைக் கண்டிருப்பீர்கள். ஆறாத கலத்தைத் தொட்டவர் வெடுக்கெனக் கையை இழுத்துக்கொள்வார். அந்தச் சுரீரென்ற வலியே உடலின் காவலன். தொழுநோய் வீழ்த்துவது அக்காவலனைத்தான்.

இந்நோயின் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். முன்வினை, குலசாபம் என்ற பேச்சு அன்றே ஒழிந்திருக்க வேண்டும், ஒழியவில்லை. விரல்களைக் கிருமி அரித்துத் தின்பதாகவும் நம்மவர் எண்ணினர். உண்மை வேறு என்பதை வேலூரில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் விளக்கினார். கிருமி நரம்பை மரக்கச் செய்கிறது. உணராமல் நேரும் தீப்புண்ணும் வெட்டுக்காயமும் சீழ்கொண்டு விரலைக் குறைக்கின்றன.

ஆகவே, நிறம் மங்கி உணர்ச்சியற்ற தேமல் தோன்றும்போதே மருத்துவரிடம் காட்டவேண்டும். என் வகுப்பில் ஒரு மாணவன் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையே அணிவான். தேமல் தெரிந்தால் பெஞ்சில் எவரும் அருகில் அமரார் என்ற அச்சம் அவனுக்கு. ஈராண்டுகள் மறைத்தான்.

1955-இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1980-களில் கூட்டு மருந்து வந்தது. ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் உட்கொண்டால் நோய் தீரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். 2005-ஆம் ஆண்டின் இறுதியில், நாட்டில் பதினாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்னும் நிலை எய்தப்பட்டது. நோயே அற்றுப்போயிற்று என்று படித்தவர்களும் அதற்குப் பொருள் கொண்டது விந்தை! சிறுவரிடையேகூடப் புதிய நோயாளிகள் இன்றும் கண்டறியப்படுகின்றனர்.

நெடுநாள் மரத்த நரம்பை மருந்து மீட்பது அரிது. அம்மாணவனுக்கு நோய் தீர்ந்தது. இரு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன.