கடிதத்தை அலுமாரியில் வைத்தால் தண்டம் வளரும்

(ஹட்டனில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வருமான வரிக்கும் கொழுந்து பறிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. மாதம் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750 ரூபாய்தான், வருடத்துக்கு 405,000. வரியில்லாத எல்லையோ 2025 மார்ச் வரை 12 இலட்சம், 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம். ஆகவே தோட்டச் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. டின் நம்பர் எடுத்துவிட்டதாலேயே வரி வந்துவிடாது. யாரும் பயப்பட வேண்டாம்.

ஆனால் நம் பிள்ளைகள் இன்று மரக்கறி லொறி ஓட்டுகிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், கொந்தராத்து எடுக்கிறார்கள். அப்படியொரு தம்பி சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். திணைக்களத்தில் வரிக் கோவை திறந்திருக்கிறார். பிறகு வந்த கடிதங்களைப் பிரிக்காமலே அலுமாரியில் வைத்துவிட்டார். “லாபமே இல்லையே அண்ணே, எதற்குப் போர்ம் நிரப்பணும்?” என்றார்.

இங்கேதான் நாம் தவறுகிறோம். வரி கட்டுவது ஒரு கடமை. விவரத்திரட்டு கொடுப்பது வேறொரு கடமை. மார்ச் 31இல் முடியும் வருடத்துக்கான விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியவர் தவறினால், 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி தண்டம் உண்டு. செலுத்த வேண்டிய வரியில் 5 வீதமும் மாதத்துக்கு 1 வீதமும் ஒரு கணக்கு. 50,000 ரூபாயும் மாதத்துக்கு 10,000 ரூபாயும் இன்னொரு கணக்கு. இரண்டில் எது கூடவோ அதுதான் தண்டம். உச்சம் 4 இலட்சம். ஆறு மாதம் பிந்தினால், வரி சிறிதானாலும் 110,000 ரூபாய். மாதத்தில் ஒரு நாள் போனாலும் முழு மாதமாகவே எண்ணுவார்கள்.

நாம் பேசாமல் இருந்தால், திணைக்களம் தன்னிடமுள்ள தகவலை வைத்துத் தானே வரியை மதிப்பிடும். அது தவறென்றால் அறிவித்தல் கிடைத்து 30 நாட்களுக்குள் மீளாய்வு கேட்க வேண்டும். வேண்டுமென்றே வருமானத்தை மறைத்தால் வழக்கு, சிறை வரை போகலாம்.

எனவே நாம் சொல்வது இதுதான். கடிதம் வந்தால் அன்றே பிரியுங்கள். சிங்களத்தில் இருந்தால் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். வியாபாரம் நின்றிருந்தால் அதை எழுத்தில் அறிவித்து, பதிவுத் தபால் துண்டைப் பத்திரமாக வையுங்கள். வரவு செலவுக் கொப்பி ஒன்று போடுங்கள்.

சேமலாப நிதிப் பணத்தைத் துரைமார் பிந்திக் கட்டினால், சட்டப்படி மிகைக்கட்டணம் கட்டு என்று நாம் கேட்கிறோம். திகதி தவறினால் தண்டம் என்ற அந்த நியாயம் நமக்கும் பொருந்தும். நம் பிள்ளைகள் பாடுபட்டுச் சேர்த்த முதல், பிரிக்காத ஒரு கடிதத்தால் போகக் கூடாது.