வண்டிக்கு யார் துணை?

பங்குனித் திங்கட்கிழமைகளில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலிற் பொங்கலிடச் செல்லும் யாழ்ப்பாணத்து அடியார்கள் முன்னாளிற் கூடார வண்டிகளிலேயே சென்றனர். அன்று அவ்வண்டியே அவர்க்கு வீடு. பானை, அரிசி, பாய், மாற்றுடை யாவும் அதனுள்ளே. மாட்டை அவிழ்த்து மரநிழலிற் கட்டிச் சில்லுக்குக் கல்லை அண்டை கொடுத்து நிறுத்துவர்.

அதன்பின்னரே சிக்கல். அனைவரும் பூசைக்குச் சென்றால் வண்டிக்கு யார் துணை? பூட்டுவதற்கோ கதவில்லை. பெரும்பாலும் ஆச்சியாரே எஞ்சுவார். அவருக்குத் தரிசனம் கடைசியிலேதான். அது நியாயந்தானா என்று வீட்டார் எண்ணினரோ! ஆச்சியார் இல்லாதோர், "ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று அயல் வண்டிக்காரரிடம் சொல்லிச் செல்வர். முன்பின் அறியாதவரிடம் சொல்லிய அவ்வொரு சொல்லே பூட்டாயிற்று.

இன்று அங்கே வான்கள் நிற்கின்றன. கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டால் அயலவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆச்சியாரும் பூசைக்கு முன்வரிசையிலே நிற்கலாம்.