சாலைக்கு ஒரு வாசல், பள்ளிக்கு ஒரு வாசல்

(தோட்டக் குடியிருப்பாளர்களும் வட்டார அதிகாரிகளும் கூடிய கலந்துரையாடலில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



இன்று நாம் பேச வேண்டியவை இரண்டு. ஒன்று, நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் சாலையின் பாதுகாப்பு. மற்றொன்று, அப்பள்ளியின் பணத்தேவை. இவ்விரண்டையும் ஒரே மனுவில் எழுதி ஒரே அதிகாரியிடம் கொடுத்துவிடுவது தோட்டப்புறங்களில் காணப்படும் வழக்கம். கோரிக்கை நியாயமாக இருந்தும் மறுமொழி வராமற்போவதற்கு அதுவும் ஒரு காரணமாகும். ஆதலால், எதனை யாரிடம் கேட்பது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

வெயில் ஏறுவதற்கு முன்பே மரத்தில் பால் நன்றாக வடியும். எனவே, பால்மரம் வெட்டும் தாய் தந்தையர் விடியுமுன்னரே வேலைக்காட்டிற்குச் சென்றுவிடுகின்றனர். லயத்திலிருந்து புறப்படும் பிள்ளைக்குக் கைபிடித்துச் சாலையைக் கடத்திவிட ஆளில்லை. இந்த வேலை நேரத்தை எளிதில் மாற்ற முடியாது. ஆகவே, சாலையைத்தான் பாதுகாப்புடையதாக்க வேண்டும்.

அந்தச் சாலை யாருக்குரியது? தோட்டத்திற்குள் ஓடும் சாலை பொதுவாகத் தோட்ட உரிமையாளரின் சொத்து. அங்கே விளக்கு வேண்டுமென்றாலும், வேகத்தடை வேண்டுமென்றாலும், பள்ளி செல்லும் அரைமணி நேரம் லாரியும் டிராக்டரும் ஓடாதிருக்க வேண்டுமென்றாலும், நிர்வாகியிடமே கேட்க வேண்டும். தோட்ட வாசலுக்கு வெளியே உள்ளது கூட்டரசுச் சாலையாகவோ மாநிலச் சாலையாகவோ இருந்தால், பொதுப்பணி இலாகாவை அணுக வேண்டும். மாவட்ட மன்றமோ நகராண்மைக் கழகமோ பராமரிக்கும் சாலையாயின், அம்மன்றத்திடம் செல்ல வேண்டும். எச்சாலை எவருடையது என்பதை மாவட்ட அலுவலகத்தில் கேட்டறியலாம்.

கேட்கும் முறையும் முக்கியமானது. "சாலை ஆபத்தாக உள்ளது" என்று மட்டும் எழுதினால், படிப்பவர் மனத்தில் ஒன்றும் பதியாது. நம் இளைஞர்கள் ஐந்து நாட்கள் சாலையோரம் நின்று கணக்கெடுக்கட்டும். எத்தனை பிள்ளைகள், எந்த நேரத்தில், எந்த மைல்கல்லுக்கு அருகில் கடக்கின்றனர்? எந்தத் திருப்பத்தில் வரும் வாகனம் கண்ணுக்குத் தெரிவதில்லை? இவற்றைக் குறித்துப் படம் வரைந்து இணைத்தால், பாதசாரிக் கோடும் பள்ளி அறிவிப்புப் பலகையும் கேட்பதற்கு அதுவே வலுவான சான்றாகும்.

அதே வேளையில், நம் கடமையையும் மறத்தல் கூடாது. தலைக்கவசம் அணிவது நம் நாட்டில் 1973-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. எனினும், சாலை விபத்துகளில் இறப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. தோட்டச் சாலைதானே என்று இரண்டு மூன்று பிள்ளைகளை வெறுந்தலையுடன் ஏற்றிச் செல்லும் தந்தை, எந்த அரசாங்கமும் தடுக்க முடியாத ஆபத்தைத் தாமே தேடிக்கொள்கிறார்.

இனி, பள்ளிக்கு வருவோம். கல்வி கூட்டரசு அரசாங்கத்தின் பொறுப்பு. பள்ளிக் கட்டடத்திற்கு மன்றம் பணம் தரவில்லையே என்று குறைகூறிப் பயனில்லை. நம் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு தோட்ட நிலத்தில் எழுந்த பள்ளிகள் பல. ஆசிரியர்களின் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. ஆனால், நிலம் தனியாருடையதாக இருப்பதால், அத்தகைய பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளியாகவே நின்றுவிடுகிறது. கட்டடத்திற்கு அவ்வப்போது சிறப்பு மானியம் கிடைத்தாலும், முழு உதவி கிட்டுவதில்லை.

ஆகவே, பள்ளியைப் பொறுத்தவரை முதற்கேள்வி பணமன்று, நிலமே. பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் உள்ளது? அதனைத் தனி மனையாகப் பிரித்துத் தர உரிமையாளர் இசைவாரா? தோட்டம் கைமாறுவதற்கு முன்பே இதனைப் பேசி முடிக்க வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமாக மாறிய பின்னர், இடம் பெயர்ந்த பள்ளிகள் பலவுண்டு. இங்கேதான் மன்றத்திற்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, நில மேம்பாட்டிற்குத் திட்ட அனுமதி வழங்குவது வட்டார மன்றமே. பள்ளிக்கு இடம் ஒதுக்குமாறு அப்போது வற்புறுத்தலாம்.

சாலையும் பள்ளியும் சந்திக்குமிடம் மற்றொன்றும் உண்டு. தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பள்ளிக்குரிய தலைவீத மானியமோ மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. சாலைக்கு அஞ்சிப் பெற்றோர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினால், எண்ணிக்கை குறையும்; எண்ணிக்கை குறைந்தால் மானியமும் குறையும். சாலை விளக்கு ஒன்று எரிவதும் பள்ளிக்குச் செய்யும் உதவியே என்பதை அதிகாரிகளுக்கும் எடுத்துரையுங்கள்.

மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, தலைவர் நீங்கலாக 8 முதல் 24 உறுப்பினர் வரை இருக்கலாம். உங்கள் பகுதிக்குரிய உறுப்பினர் யார் என்று கேட்டறியுங்கள். அச்சட்டத்தின்படி, மன்றமே தீர்மானித்து விலக்கினாலன்றி, மன்றக் கூட்டங்களில் பொதுமக்கள் அமர்ந்து கேட்கலாம். நம்மவருள் இருவர் அங்கே சென்று அமர்ந்திருப்பதே ஒரு நினைவூட்டலாகும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்றே ஐவரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களுள் இருவரேனும் தாய்மார்களாக இருக்கட்டும். சாலைக்கு ஒரு கடிதமும் பள்ளிக்கு ஒரு கடிதமும் தனித்தனியே எழுதுங்கள். பள்ளிக் கடிதத்தை மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து எழுதட்டும். தேதியிட்டு, நகல் வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஒரு மாதம் கழித்தும் மறுமொழி வராவிடில், மீண்டும் செல்லுங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பர். எந்த வாசலில் நின்று அழ வேண்டும் என்பதை அறிந்து அழுதால் பால் விரைவில் கிட்டும்.