பாதீட்டில் ஒரு வரி



நம்ம தோட்டத்துச் சிறுவர் பூங்காவைத் திறந்த அன்று மேளம் அடித்தோம், மாலை போட்டோம், கல்வெட்டில் பெயர் பொறித்தோம். இப்போது வரும் வழியில் எட்டிப் பார்த்தேன். கல்வெட்டு பளபளவென்று இருக்கிறது. ஊஞ்சலில் பலகை இல்லை. சங்கிலி மட்டும் தொங்குகிறது.

இரத்தினபுரி மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல். பெயின்ட் காணாத இரும்பு அதில் எத்தனை நாள் நிற்கும்? புல்லை வெட்டாவிட்டால் பிள்ளையின் காலில் அட்டை ஏறும்.

முன்பு பிரதேச சபையில் போய்த் தோட்டத்துக்குப் பணம் கேட்டால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டுவார்கள். அதன் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணம் வரத் தடையாக நின்றது. வாக்குக் கேட்க லயத்து வாசலுக்கு வரலாம், அந்த வாசலுக்கு விளக்குப் போட முடியாது! பயிர்க் காணிக்கு ஏக்கர் வரி அறவிடும் அதிகாரம் மட்டும் அதே சட்டத்தில் இருந்தது. 2018இல் பாராளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. அதற்குப் பிறகும் பழைய பதிலையே சொன்னால் எப்படி ஐயா?

காணிச் சிக்கல் இருக்கிறது, மறுக்கவில்லை. 1992 முதல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம், நிலம் அரசுடையது. ஊஞ்சல் உடைந்தால் "சபை போட்டது" என்கிறார் தோட்டத் துரை. "தோட்டக் காணி" என்கிறது சபை. அந்தத் துண்டு நிலத்தைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள்.

பராமரிப்புக்குப் பணம் எங்கே என்பீர்கள். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் டிக்கெட் விற்கிறார்கள். சுற்றுலாப் பயணி வாங்குவார். பிள்ளைக் காம்பராவிலிருந்து ஓடிவரும் நம்ம பிள்ளையிடம் டிக்கெட் கேட்க முடியுமா? சிரமதானத்துக்கு நாங்கள் தயார். புல் வெட்டுவோம், கான் துப்புரவாக்குவோம். ஆனால் ஒரு பேரை, ஒரு நாள் கூலியை, இழந்து வருகிற பெண்ணிடம் ஊஞ்சல் பலகைக்கும் காசு கேட்காதீர்கள்.

தவிசாளர் அவர்களே, புதுப் பூங்கா கேட்கவில்லை. அடுத்த பாதீட்டில் "தோட்டப் பூங்காப் பராமரிப்பு" என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் தொகையையும் போடுங்கள். போட்டுவிட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். மேளத்தைத் தூக்கிக்கொண்டு நாங்களே சபைக்கு வருகிறோம்.