மூன்று வழிகளும் ஒரு முடிவும்



தில்லியில் வாழும் நம்மவர் வீட்டில் ஒருவர் நோயுற்றால், மருந்துக்கு முன்னே வந்து சேர்வது அறிவுரை. ஊரிலிருந்து தாயார் ஒன்று சொல்வார். கரோல்பாகிலுள்ள மாமா வேறொன்று சொல்வார். அண்டை வீட்டார் மூன்றாவது ஒன்றைச் சொல்வார். இத்தனை குரல்களுக்கிடையே நோயாளியின் குரல் அமுங்கிவிடுகிறது. இன்று நாம் ஆராயப்போகும் நோயிலோ, முதலில் ஒலிக்க வேண்டியது அக்குரலே.

கழுத்தின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்தது தைராய்டு சுரப்பி. உடல் இயங்கும் வேகத்தை வகுப்பது இதன் சுரப்பு. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு அணுக்களும் எதிர்ப்பொருள்களுமே சில வேளைகளில் இச்சுரப்பியின்மேல் பாய்கின்றன. அவை சுரப்பியைச் சிறிது சிறிதாக அழிப்பது ஒருவகை; இதனை 1912இல் விளக்கியவர் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ. சுரப்பு குறைந்தால் தைராக்சின் மாத்திரையால் அதனை ஈடுசெய்யலாம், முடிவு எளிது. அவை சுரப்பியை ஓயாது தூண்டி மிகுதியாகச் சுரக்கவைப்பது மற்றொரு வகை. 1835இல் டப்ளின் மருத்துவர் கிரேவ்ஸ் எழுதிய நோய் அது. இங்கேதான் முடிவு கடினமாகிறது.

உப்பை மாற்றினால் போதும் என்பார் உளர். அயோடின் குறைவால் வரும் கழுத்துக்கழலைக்கு அது பொருந்தும். 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் இராமலிங்கசுவாமி தொடங்கிய ஆராய்ச்சி அதனை மெய்ப்பித்தது. கிரேவ்ஸ் நோய் அக்குறைவால் வருவதன்று; உப்பால் தீர்வதுமன்று.

இராமகிருஷ்ணபுரத்தில் இரண்டறை வீட்டில் வாழும் ஓர் இளந்தாயை எண்ணிப் பார்ப்போம். இரண்டு வயதுக் குழந்தை உண்டு. இன்னொரு மகவும் வேண்டுமென்பது அவர் ஆவல். நன்றாக உண்டும் உடல் மெலிகிறது, நெஞ்சு படபடக்கிறது, காப்பித் தம்ளரைப் பிடித்த கை நடுங்குகிறது. இரத்தச் சோதனை கிரேவ்ஸ் நோயைக் காட்டிவிட்டது. சும்மா விட்டால் இதயம் பழுதுறும். அவர் முன் உள்ள வழிகள் மூன்று.

முதலாவது, சுரப்பை அடக்கும் மாத்திரை. பெரும்பாலும் 12 முதல் 18 மாதம் வரை உண்ண வேண்டும். சுரப்பி அழியாது என்பது இதன் நன்மை. நிறுத்தியபின் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நோய் திரும்பும் என்பது குறை. அரிதாக இரத்த வெள்ளணுக்கள் குன்றும். ஆதலின் காய்ச்சலோ தொண்டைப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்தி, உடனே இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, கதிரியக்க அயோடின். 1941இல் அமெரிக்காவில் சால் ஹெர்ட்ஸ் முதன்முதல் கையாண்ட முறை இது. நம் தலைநகரிலும், 1961இல் அமைந்த அணு மருத்துவ நிறுவனம் திமார்பூரில் தைராய்டு நோய்களைத் தனித் துறையாகவே பேணி வந்துள்ளது. ஒருமுறை விழுங்கினால் பெரும்பாலோர்க்கு நோய் அடங்கும். ஆயின் பின்னர் வாழ்நாள் முழுதும் தைராக்சின் தேவைப்படுவது வழக்கம். கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் இது கூடாது. உண்டபின் குறைந்தது 6 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். மருத்துவர் குறிக்கும் நாள்வரை குழந்தையை அணைத்துப் படுக்கவும் இயலாது. கண்கள் பிதுங்கியவர்க்கு அத்தொல்லை மிகலாம்.

மூன்றாவது, அறுவை. பெரிய கழலைக்கும், விரைந்து குணம் வேண்டுவோர்க்கும் ஏற்றது. குரல் நரம்புக்கும் சுண்ணச்சத்தைக் காக்கும் சிறு சுரப்பிகளுக்கும் ஊறு நேராமல் செய்ய, கைதேர்ந்த மருத்துவர் வேண்டும். இதன்பின்னும் தைராக்சின் உண்டு.

இவற்றுள் எது சிறந்தது? இக்கேள்வியே பொருந்தாது. தனித்திருக்க ஓர் அறையில்லாத அந்தத் தாய்க்கு மாத்திரையோ அறுவையோ உகந்ததாகலாம். மறு மகவை விரும்புவதால், கருவுறும் முன்பே அதனை மருத்துவரிடம் சொல்லல் வேண்டும். மாத்திரையை மாற்ற நேரும். இதயம் தளர்ந்த அறுபது வயதினர்க்கோ கதிரியக்க அயோடினே நல்வழியாகலாம். சோதனைத்தாள் நோயைச் சொல்லும், வாழ்வைச் சொல்லாது. அதனை நோயாளியே சொல்ல வேண்டும்.

அன்றைக்கே முடிவு செய்துவிட வேண்டுமென்றும் இல்லை. பெரும்பாலோர்க்கு மாத்திரை முதலில் நோயைத் தணித்து, எண்ணிப் பார்க்கக் காலம் தரும். இந்தியில் தடுமாறுவோர் தம் ஐயங்களை வீட்டிலேயே தமிழில் எழுதி, மொழி தெரிந்தவருடன் செல்லலாம். உடன்செல்பவர் மொழிபெயர்க்கட்டும், முடிவை அவர் எடுத்துவிட வேண்டாம். வேலை மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் நாம், சோதனைத்தாள்களைப் பள்ளிச் சான்றிதழைப்போல் காத்து எடுத்துச்செல்வோமாக.

தைராக்சின் உண்ண நேர்ந்தவர்க்கு ஒரு சொல். அதனை வெறும் வயிற்றில் நீருடன் விழுங்கி, அரைமணியேனும் கழித்தே காப்பி அருந்த வேண்டும். நம்மவர்க்கு அது அரிய தவந்தான். ஆயினும் மாத்திரை பலிக்க அத்தவம் வேண்டும்.

அறிவுரை சொல்ல வரும் அன்பர்களுக்கும் ஒன்று கூறி முடிப்போம். அடுத்தமுறை அத்தகைய வீட்டுக்குச் செல்லும்போது, "இதைச் செய்" என்பதற்கு முன், "உனக்கு எது முக்கியம்?" என்று கேட்போம். விடை வரும்வரை பொறுத்திருப்போம்.